தோற்றமும் தன்மதிப்பும்: நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழர் வாழ்வில் ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் தோட்டப்புற வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் குடிபெயர்வு, கூலி, நோய், வேலைநிறுத்தம், தொழிற்சங்கம், தோட்டத் துண்டாடல் ஆகியவற்றையே ஆய்வுப் பொருளாகக் கொண்டுள்ளனர். கெர்னியல் சிங் சாந்து 1969 ஆம் ஆண்டிலும் சின்னப்பா அரசரத்தினம் 1970 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்கள் இத்துறைக்கு அடித்தளமாக அமைந்தன. அவற்றில் உள்ள தரவுகளும் விளக்கங்களும் இன்றும் நமக்குப் பயன்பட்டு வருகின்றன. எனினும், அவ்வரலாற்றில் வாழ்ந்த மனிதர் தம்மைத் தாமே எவ்வாறு மதித்துக்கொண்டனர், பிறரை எதைக்கொண்டு அளந்தனர் என்னும் வினா அத்துணைக் கவனம் பெறவில்லை.

தமிழில் உடையைப் பற்றி இரண்டு பழமொழிகள் பெருவழக்காக உள்ளன. ஒன்று, ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது. மற்றொன்று, ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது. முன்னது பிறர் நம்மை எப்படிப் பார்க்கின்றனர் என்பதைச் சொல்கின்றது. பின்னது நாம் நம்மை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்கின்றது. தோட்டப்புறத் தமிழர் இவ்விரண்டையும் அறிந்தே வாழ்ந்தனர். ஆயினும், அவர்களைச் சூழ்ந்திருந்த தோட்ட நிருவாகம் முதற் பழமொழியை ஓர் ஆட்சி முறையாகவே ஆக்கிவிட்டது. அந்த ஆட்சி முறை மறைந்த பின்னரும் அதன் அளவுகோல் நம் கையில் தங்கிவிட்டது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். நெகிரி செம்பிலான் தோட்டங்களை மையமாகக் கொண்டும், தேவையான இடங்களில் தமிழகத்தையும் சிலாங்கூரையும் துணைக்கு அழைத்தும் இதனை விளக்க முற்படுகிறோம்.

புறப்பட்ட மண்ணில் உடையும் தடையும்

மலாயாவுக்கு வந்த தமிழர், தோற்றத்தைக்கொண்டு மனிதரைத் தரம் பிரிக்கும் வழக்கத்தை இங்கு வந்து முதன்முதலாகக் கண்டவர் அல்லர். அவர்கள் விட்டுவந்த ஊர்களில் உடை என்பது சாதியின் அடையாளமாக இருந்தது. திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்டோராகக் கருதப்பட்ட பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859 ஆம் ஆண்டு மன்னர் வெளியிட்ட ஆணைக்குப் பின்னரே அவ்வுரிமை ஓரளவேனும் ஏற்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டிலும் நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை. 1931 ஆம் ஆண்டு இந்தியக் குடிமதிப்பை மேற்கொண்ட ஜே.எச். ஹட்டன், சாதி குறித்து 1946 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இராமநாதபுரம் மாவட்டத்து நிகழ்வொன்றைப் பதிவு செய்துள்ளார். 1930 ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கு ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்பணியக் கூடாது என்பன அவற்றுள் அடங்கும். அடுத்த ஆண்டில் தடைகளின் எண்ணிக்கை பதினொன்றாகக் கூடியது.

இத்தடைகளை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இவற்றுள் பெரும்பாலானவை ஒருவன் எவ்வளவு சம்பாதிக்கின்றான் என்பதைப் பற்றியன அல்ல. அவன் தெருவில் எப்படிக் காட்சி தருகின்றான் என்பதைப் பற்றியன. பணம் சேர்ந்தாலும் அது கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பதே தடை விதித்தோரின் கவலையாக இருந்தது. வெளிநாடு சென்று திரும்பியவர் சட்டையும் செருப்பும் குடையுமாக ஊருக்குள் வந்தது அவர்களை உறுத்தியிருக்கும் என்று கருத இடமுண்டு.

இப்பின்னணியில் நோக்கும்போது மலாயாப் பயணத்தின் கவர்ச்சி கூலியில் மட்டும் அடங்கியிருக்கவில்லை என்பது தெளிவாகும். தோட்டத்திலிருந்து ஆள்பிடிக்க ஊர் திரும்பிய கங்காணி, கோட்டும் தலைப்பாகையும் மோதிரமுமாகத் தோன்றினார். அவர் சொன்ன சொற்களைக் காட்டிலும் அவருடைய தோற்றமே மிகுதியாகப் பேசியது. ஒப்பந்தக் கூலி முறை 1910 ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்த பின், 1938 ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வைத் தடை செய்யும் வரை, கங்காணி முறையே ஆள் திரட்டும் முதன்மை வழியாக விளங்கியது. சட்டை போட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் கப்பலேறியவர்களின் மூட்டையில் இருந்தது எனலாம்.

தோட்டத்தின் தோற்ற ஒழுங்கு

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891 ஆம் ஆண்டில் இரயில் பாதை திறக்கப்பட்டது. அப்பகுதியில் முதலில் காப்பி பயிரிடப்பட்டது. காப்பியின் விலை வீழ்ந்த பின் அந்நிலங்கள் இரப்பருக்கு மாறின. லின்சம், சுவா பெத்தோங், பிராட்வால், தானா மேரா போன்ற தோட்டங்களின் பெயர்கள் அப்பகுதித் தமிழரின் நினைவில் இன்றும் ஊர்ப்பெயர்களாகவே நிலைத்துள்ளன. அத்தோட்டங்களுள் சிலவற்றின் பெயரைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன.

தோட்டத்தின் அமைப்பே ஒரு படிநிலையைக் கண்ணுக்குக் காட்டியது. மேட்டில் பெரிய துரையின் பங்களா. சற்றுக் கீழே சின்ன துரையின் வீடு. அலுவலகத்தை ஒட்டிக் கிராணிமார் குடியிருப்பு. பள்ளத்தில் தொழிலாளர் லயங்கள். வீட்டின் உயரம், சுவரின் வெண்மை, வாசலின் அகலம் ஆகிய அனைத்தும் உள்ளே வாழ்பவரின் தகுதியைச் சொல்லின. லயங்களுக்குள்ளும் சாதி வாரியாகப் பிரிவுகள் இருந்தன என்பதை இந்திய ஆய்வியல் துறையைச் சார்ந்த இராஜகிருஷ்ணன் இராமசாமி, மலேசியத் தமிழரின் சாதி உணர்வு பற்றி 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் வழி அறியலாம். ஆகவே, ஊரில் விட்டுவந்ததாக எண்ணிய படிக்கட்டு ஒன்றின்மேல் தோட்டம் இன்னொரு படிக்கட்டைக் கட்டியது என்பதே பொருந்தும்.

உடையும் இப்படிநிலையைப் பின்பற்றியது. துரைக்குச் சோலா தொப்பியும் அரைக்கால் சட்டையும் நீண்ட காலுறையும். கிராணிக்கு வெள்ளைச் சட்டையும் நீளக் கால்சட்டையும். கங்காணிக்குக் கோட்டும் குடையும். பால் வெட்டுவோருக்கோ வேலைத்துணி ஒன்றே அடையாளம். இரப்பர்ப் பால் துணியில் பட்டுக் காய்ந்தால் கறுத்துப்போகும். எத்தனை முறை துவைத்தாலும் அக்கறை போவதில்லை. கட்டிப்பாலின் நாற்றம் உடம்பை விட்டு எளிதில் நீங்குவதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பொழுது ஏறும் வரை நிரையில் நடந்து, பாலைச் சுமந்து கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள், வீட்டுக்குள் நுழையுமுன் குளித்து மாற்றுத்துணி உடுத்துவதை ஒரு கட்டாயமாகவே கொண்டிருந்தனர். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்ற பழமொழி அங்கு அறவுரையாக அன்றி அன்றாடச் செயலாகவே இருந்தது. தோட்டம் தந்த கறையைத் தம் மாலைப்பொழுதுக்குள் வரவிடாமல் தடுத்துக்கொள்ளும் முயற்சியாகவே அதனை நாம் காண்கிறோம்.

மொழியும் தோற்றத்தின் ஒரு பகுதியே. இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த இளம் துரைமாருக்காகக் கொழும்பில் அச்சிடப்பட்ட தமிழ்க் கைந்நூல் ஒன்றின் தலைப்பே ‘இங்கே வா’ என்பதாகும். ‘வாருங்கள்’ என்னும் மரியாதை வடிவத்தைத் தமிழ் கொண்டிருக்க, அதைக் கற்கத் தொடங்கும் வெள்ளையருக்கு முதலில் தரப்பட்டது ஒருமை ஏவல். மலாயாத் தோட்டங்களிலும் நிலைமை வேறாக இல்லை. துரையை ‘ஐயா’ என்றும் ‘துரை’ என்றும் விளித்தவர்கள், தம் பேரப்பிள்ளை வயதுடைய சின்ன துரையிடமிருந்து ‘நீ’ என்ற விளியைப் பெற்றனர். ஒருவரைக் காணும் கண்ணும் அவரை விளிக்கும் வாயும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தின.

மிதிவண்டியிலிருந்து இறங்குதல்

இவ்வொழுங்கு எத்துணை ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு 1941 ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் சான்றாகும். அவ்வாண்டு மார்ச்சு முதல் மே வரை சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய அப்போராட்டத்தின் அலை நெகிரி செம்பிலான் பக்கமும் எட்டியது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சார்ந்த ஆர்.எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். மே மாதத்தில் அவர் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது, படைகள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம், மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை இடம்பெற்றிருந்தன. இவற்றை வரலாற்றாசிரியர் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயின், அப்பட்டியலில் வேறொரு கோரிக்கையும் உண்டு. துரைமாரும் தோட்ட அலுவலரும் எதிரே வரும்போது தொழிலாளர் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது.

ஆய்வுப் பட்டப் படிப்பின்போது இலண்டனில் காலனித்துவ ஆட்சிக்கால ஆவணங்களைப் படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கூலி, வேலை நேரம், மருத்துவம் என்று தொடரும் வரிசையில் மிதிவண்டியைக் கண்டபோது, இது எப்படி இங்கு வந்தது என்றே முதலில் வியந்தோம். உயிரைப் பணயம் வைத்துப் போராடியவர்கள் இத்துணைச் சிறிய செய்தியை ஏன் சேர்த்தனர்? பின்னர் எண்ணிப் பார்க்கையில், அது சிறிய செய்தி அன்று என்பது புலனாயிற்று. மிதிவண்டி, பல மாதக் கூலியை மிச்சம்பிடித்து ஒரு தொழிலாளி தனக்கென வாங்கிய பொருள். அதில் ஏறி அமர்ந்தபோது அவன் தரையிலிருந்து சற்றே உயர்ந்தான். அந்தச் சிறு உயரத்தையும் துரையின் கண் பொறுக்கவில்லை. இராமநாதபுரத்தில் குடையும் செருப்பும் எப்பொருளைக் கொண்டிருந்தனவோ, அப்பொருளையே தோட்டத்துச் செம்மண் பாதையில் மிதிவண்டி கொண்டிருந்தது.

இவ்வழக்கத்தில் இன்னொரு கூறும் கருதத்தக்கது. இறங்க வேண்டியது வெள்ளையர் முன்னர் மட்டுமன்று. ஆசிய அலுவலர் முன்னரும் இறங்க வேண்டியிருந்தது. கோரிக்கைகளின் ஆங்கில வடிவத்தில் ‘கறுப்பு ஐரோப்பியர்’ எனப் பொருள்படும் ஒரு சொல்லாட்சி இடம்பெற்றுள்ளது. தம்மைப் போன்ற தோல் நிறமும் மொழியும் கொண்ட ஒருவர், துரையின் உடையை அணிந்து, துரையின் கண்ணைக்கொண்டு தம்மைப் பார்க்கின்றார் என்பதைத் தொழிலாளர் உணர்ந்திருந்தமையை அச்சொல் காட்டுகின்றது. கிராணிமாரின் நிலையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். துரையின் முன் அவர்களும் கைகட்டி நின்றவர்களே. மேலிருந்து வந்த இழிவைக் கீழே இறக்கிவைப்பதன் மூலமே அவர்கள் தம் தகுதியைக் காத்துக்கொண்டனர்.

சாக்கும் சீருடையும்

வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்ட அதே ஆண்டின் இறுதியில் சப்பானியர் படையெடுத்தனர். ஆக்கிரமிப்புக் காலத்தில் உணவும் துணியும் அரிதாயின. உடுத்தத் துணியின்றி மக்கள் கோணிச் சாக்குகளை வெட்டித் தைத்து உடுத்தினர். சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர் திரும்பவேயில்லை. முன்னர் ஒருவரை ஒருவர் அளக்க உதவிய வேட்டியும் சட்டையும் நகையும் அரிசிக்கும் மரவள்ளிக் கிழங்குக்கும் கைமாறிவிட்டன.

அதே காலத்தில் எதிர்பாராத மாற்றமொன்றும் நிகழ்ந்தது. 1943 ஆம் ஆண்டில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையைத் தொடங்கினார். மருத்துவர் இலட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். அப்படையில் சேர்ந்தோருள் இரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பெண்கள் பலர் இருந்தனர். கறைபடிந்த வேலைத்துணியில் நிரைக்குச் சென்ற பெண்கள், கால்சட்டையும் தொப்பியும் காலணியும் அணிந்து துப்பாக்கி ஏந்தி அணிவகுத்தனர். சிரம்பானிலும் இந்திய தேசிய இராணுவத்தின் பயிற்சி மையம் இயங்கியது. 1945 ஆம் ஆண்டு ஆகஸ்டில் சப்பான் சரணடையும் செய்தி வந்தபோது போஸ் சிரம்பானில்தான் தங்கியிருந்தார்.

இப்படையின் அரசியல் வெற்றி தோல்வி பற்றிய மதிப்பீடு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நாம் கருதுவது ஒன்றே. தலைமுறை தலைமுறையாகப் பிறர் கண்ணுக்குக் கூலியாக மட்டுமே தென்பட்ட ஒரு பெண், சீருடையில் தன்னை வேறொருத்தியாகக் கண்டாள். சீருடை எல்லாரையும் ஒரே தோற்றத்துக்குக் கொண்டுவருவது. தோட்டத்தில் அவளைத் தாழ்த்திய தோற்றமே இங்கு அவளை நிமிர்த்தியது. போர் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் முன்போல் குனிந்து நிற்க மறுத்தமைக்கும், 1946 ஆம் ஆண்டுக்குப் பின் தொழிற்சங்கங்கள் விரைந்து வளர்ந்தமைக்கும் இவ்வனுபவமும் ஒரு காரணம் எனலாம். நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி.பி. நாராயணன், 1954 ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாவதற்கு முதன்மைக் காரணராக விளங்கினார்.

அளவுகோல் கைமாறுதல்

விடுதலைக்குப் பின் வெள்ளைத் துரைமார் படிப்படியாக வெளியேறினர். மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் மறைந்தது. ஆயினும், தோற்றத்தைக்கொண்டு மனிதரை அளக்கும் வழக்கம் அவர்களோடு போய்விடவில்லை. அது இப்போது நம்மவர் ஒருவரையொருவர் அளக்கும் கருவியாயிற்று.

மாதச் சம்பளக்காரர், நாட்கூலிக்காரர் என்ற பிரிவு திருமணப் பேச்சில் வெளிப்பட்டது. மணமகளின் நிறம் முதற்கேள்வியாயிற்று. பட்டணத்துக்குக் குடிபோன உறவினர், தோட்டத்தில் தங்கிவிட்டவரைத் ‘தோட்டத்தார்’ என்று சொல்லும் தொனியிலேயே ஒரு தீர்ப்பு அடங்கியிருந்தது. இலங்கை மலையகத் தமிழர் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லால் பட்ட வேதனையை அந்நாட்டு எழுத்தாளர் பலர் பதிவு செய்துள்ளனர். நம் நாட்டிலும் அதன் நிழல் விழுந்தது.

இவ்விடத்தில் பொதுவாகக் கூறப்படும் குற்றச்சாட்டு ஒன்றை ஆராய்தல் தகும். தோட்டத் தமிழர் வரவுக்கு மீறி நகைக்கும் பட்டாடைக்கும் சடங்குகளுக்கும் செலவிட்டனர். அதனாலேயே முன்னேறவில்லை என்பது அக்குற்றச்சாட்டு. மேடைகளிலும் ஏடுகளிலும் இக்கருத்து நெடுங்காலமாக ஒலித்து வருகின்றது. சீர்திருத்தம் பேசியோரும் இதனை வலியுறுத்தினர். 1929 ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயா வந்து சென்றதும், 1932 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியதும், 1935 ஆம் ஆண்டில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கியதும் தோட்டத் தமிழரிடையே தன்மதிப்பு உணர்வை வளர்த்தன என்பதில் ஐயமில்லை. சாதிப் பெயரை விடுத்தும், சிக்கனத் திருமணம் செய்தும் பலர் தலைநிமிர்ந்தனர். அதே வேளையில், சீர்திருத்த மேடையில் நின்று பேசிய சிலரின் சொற்களில் தோட்டத் தொழிலாளியின் உடையும் பேச்சும் வழிபாடும் ஏளனப் பொருளாயின என்பதையும் மறைத்தல் இயலாது.

நகையைப் பற்றிய குற்றச்சாட்டு தோட்ட வாழ்வின் பொருளியலைக் கருதாமல் சொல்லப்படுவது. தொழிலாளி வாழ்ந்த வீடு தோட்டத்துக்கு உரியது. வேலை முடிந்தால் வீட்டையும் விட்டாக வேண்டும். நிலம் அவனுக்கு இல்லை. நாட்கூலிக்காரனுக்கு வங்கி கடன் தருவதில்லை. இந்நிலையில், மனைவியின் கழுத்தில் கிடந்த சங்கிலி அணிகலன் மட்டுமன்று. அதுவே குடும்பத்தின் சேமிப்பு. பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் அடகுக் கடைக்குச் சென்று மீண்டு வந்தது அச்சங்கிலியே. ஊரில் பொன் அணியத் தடை விதிக்கப்பட்டவரின் வழித்தோன்றல்கள் இங்குப் பொன் அணிந்தபோது, அதில் ஆடம்பரத்தை மட்டும் காண்பது முறையன்று. எனினும், சேமிப்பாகத் தொடங்கிய ஒன்று போட்டியாகவும் மாறியது என்பது உண்மையே. அடுத்த வீட்டுத் திருமணத்தில் போட்ட நகையை விடக் குறைந்தால் ஊரார் என்ன சொல்வர் என்ற அச்சம் பல குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தியது. ஒரே பொன், ஒருபால் தன்மதிப்பாகவும் மறுபால் சுமையாகவும் இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே வரலாற்று நோக்காகும்.

ஒரு நினைவு

இதுகாறும் பிறரைப் பற்றி எழுதினோம். ஆய்வாளரும் இவ்வரலாற்றுக்கு வெளியே நிற்பவர் அல்லர் என்பதால் எம் அனுபவம் ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிடுதல் நேர்மையாகும்.

நாம் பிறந்து வளர்ந்தது போர்ட்டிக்சன் வட்டாரத்துத் தோட்டமொன்றில். எம் தந்தையார் பால் வெட்டுத் தொழிலாளி. 1990களின் முற்பகுதியில், தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துப் புகுமுக வகுப்பில் சேர, பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்கு அவர் எம்மை அழைத்துச் சென்றார். அதற்காக வெள்ளைச் சட்டையொன்றை முதல்நாள் இரவே தேய்த்து ஆணியில் மாட்டி வைத்திருந்தார். பள்ளி அலுவலக வாசலை அடைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் உள்ளே சென்றார். அங்கு யாரும் கழற்றச் சொல்லவில்லை. மற்றப் பெற்றோர் காலணியுடனேயே நின்றனர். தோட்ட அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளாகச் செய்துவந்ததை அவர் கால்கள் தாமே செய்தன. நாம் சற்றுத் தள்ளி, வேறு யாருடனோ வந்தவர் போல நின்றுகொண்டோம். படிவத்தில் தந்தையின் தொழிலைக் கேட்ட கட்டத்தை நிரப்பியபோது எழுத்தைச் சிறிதாக்கினோம்.

அன்று அவருடைய வெறுங்கால்களைக் கண்டு நாணினோம். பல்லாண்டுகளுக்குப் பின், இலண்டன் ஆவணக் காப்பகத்தில் மிதிவண்டிக் கோரிக்கையைப் படித்தபோதுதான் அந்நாணம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கியது. அவர் மிதிவண்டியிலிருந்து இறங்கிய தலைமுறையின் மகன். அவரைத் துரையின் கண்ணால் பார்த்தவர் அன்று அங்கிருந்தோருள் நாம் ஒருவரே. அலுவலகப் பணியாளர் அவரை இயல்பாகவே நடத்தினார்.

முடிவுரை

இன்று நெகிரி செம்பிலானின் நிலத்தோற்றம் பெரிதும் மாறிவிட்டது. இரப்பர் மரங்கள் நின்ற இடங்களைச் செம்பனை பிடித்தது. நீலாய், சிரம்பான் வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியுள்ளன. லயங்களில் வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகள் அடுக்குமாடிகளிலும் வரிசை வீடுகளிலும் வாழ்கின்றனர். எஞ்சியுள்ள தோட்டங்களில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளரே உழைக்கின்றனர். அவர்கள் நம் பாட்டனார் போலவே கறைபடிந்த துணியுடன், மொழி அறியாமல், குடும்பத்தைக் கடலுக்கு அப்பால் விட்டு வந்தவர்கள். நம் உணவகங்களிலும் கட்டுமான இடங்களிலும் அவர்களை நாம் எவ்வாறு விளிக்கிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தால், ‘இங்கே வா’ என்ற கைந்நூலின் தலைப்பு நினைவுக்கு வராமல் போகாது. அளவுகோல் கைமாறிவிட்டது, அளக்கப்படுவோரே மாறியுள்ளனர்.

இக்கட்டுரையின்வழி பெறப்படும் கருத்துகள் மூன்று. முதலாவது, தோற்றத்தைக்கொண்டு மதிப்பிடும் வழக்கம் தனிமனிதரின் அற்ப குணத்திலிருந்து மட்டும் பிறந்ததன்று. ஊரில் சாதியும் தோட்டத்தில் நிருவாகமும் அதனை விதியாக்கி வளர்த்தன. இரண்டாவது, அவ்விதிக்கு ஆளானோர் அதனை வாய்மூடி ஏற்கவில்லை. 1941 ஆம் ஆண்டில் கூலியுயர்வுக்கு நிகராகத் தம் மானத்தையும் கோரிக்கைப் பட்டியலில் எழுதினர். மூன்றாவது, விதி நீங்கினாலும் கண் பழகிய பழக்கம் எளிதில் நீங்குவதில்லை. தன்னைத் தானே தாழ்வாக மதிப்பவரைக் குறைகூறுமுன் அவருக்கு அவ்வாறு கற்றுக்கொடுத்த வரலாற்றை அறிதல் கடமையாகும்.

தோட்டப்புற வரலாற்றை எழுதுவோர் கூலிப் பட்டியலோடு செருப்பையும் குடையையும் மிதிவண்டியையும் சான்றுகளாகக் கொள்ளல் வேண்டும். அவற்றை நினைவில் வைத்திருக்கும் முதியோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். அவர்களிடம் எவ்வளவு கூலி வாங்கினீர்கள் என்று கேட்கும் நாம், எவர் முன்னிலையில் இறங்கி நின்றீர்கள் என்றும் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். எம் தந்தையாரிடம் அவ்வினாவைக் கேட்கும் காலம் கடந்துவிட்டது. பிறருடைய தந்தையரிடமும் தாயரிடமும் கேட்பதற்கு இன்னும் சிறிது காலம் உண்டு.